அறிந்தபின் தொடுவோம்

சென்ற மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, முதற்பாட மணி அடிப்பதற்குச் சற்று முன்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் நமது மேசையருகே வந்து நின்றான். வடமராட்சிக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் வருபவன், தந்தையார் கடற்றொழிலாளர். ஒரு கையில் கடல்நீர் நிறைந்த போத்தல் இருந்தது. மறுகையைச் சட்டைப் பையினுள் விட்டு ஒரு சங்கை எடுத்து மேசைமீது வைத்தான்.

"அப்பான்ர நண்டு வலையில வந்தது, சேர். உயிரோட இருக்குது. போத்தல் வாய்க்குள்ள போகேல்லை. அதுதான் பையில வைச்சனான். இது என்ன சங்கு?"

நல்லூர்த் திருவிழாவிலே கச்சான் விற்பவர்கள் கடதாசியைச் சுருட்டிச் செய்துதரும் சுருளை வாசகர்கள் அறிவர். அச்சுருளின் அகன்ற வாயை ஒரு சிறு குன்றினால் மூடிவிட்டாற் போன்ற வடிவம் அந்தச் சங்குக்கு. மேனியை மங்கிய பழுப்புத் தோல் ஒன்று போர்த்திருந்தது. அத்தோலினூடே வலைப்பின்னல் போன்ற கோடுகள் இலேசாகத் தெரிந்தன. நாமும் ஆசிரியர்க்கு இயல்பான அவசரத்தோடு, "இது சிலந்திவலைக் கூம்புச் சங்கு, நம் கடலுக்குப் புதியதன்று, அஞ்ச வேண்டியதில்லை" என்று கூறிவிட்டோம்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. அவற்றை நாம் உணர்ந்துகொண்ட விதத்தையே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

பாட மணி அடித்தது. மாணவன் கொண்டுவந்த கடல்நீரைக் கண்ணாடித் தட்டு ஒன்றில் ஊற்றி, சங்கை அதிலிட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம். கால்மணி நேரம் சென்றிருக்கும். சங்கின் ஒடுங்கிய முனையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளிப்பட்டு நீரைத் துழாவத் தொடங்கியது. அதன் நுனி சிவப்பு; அதனடியில் ஒரு கரிய வளையம்; அதற்கும் அடியில் வெண்மை. நமக்கு ஐயம் தட்டியது. உருப்பெருக்கு வில்லையை எடுத்துச் சங்கின் தோட்பகுதியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். சிலந்திவலைக் கூம்பாயின் அத்தோளைச் சுற்றி முடிச்சு முடிச்சாகச் சிறு முகைகள் இருத்தல் வேண்டும். இதன் தோளோ வழுவழுப்பாக இருந்தது. மேசையின் முன்வரிசையில் நின்ற மாணவர்களை இரண்டடி பின்னே நிற்கும்படி சொன்னோம்.

அது கோனஸ் டெக்ஸ்டிலே. தமிழில் நெசவுக் கூம்பு எனலாம். மனிதருக்கு ஆபத்து விளைக்கக்கூடியன என்று கடற்பிராணி நூல்கள் எச்சரிக்கும் சங்கினங்களுள் ஒன்று. அதைத்தான் அந்தப் பிள்ளை நெஞ்சோடு ஒட்டிய பையிலிட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்து வந்திருக்கின்றான். அதைத்தான் நாமும் அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தோம்.

கூம்புச் சங்குகள் வெப்பக் கடல்களில் வாழும் நத்தையினம். கோனஸ் என்னும் பெயரைச் சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே காண்கின்றோம். நெசவுக் கூம்புக்குப் பெயரிட்டவரும் அவரே. இன்றைக்கு இக்குடும்பத்தில் ஏறக்குறைய ஆயிரம் இனங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. சிலந்திவலைக் கூம்பாகிய கோனஸ் அரனியோசஸ் 1786இல் பெயர் பெற்றது. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் இருப்பிடங்கள். 1791இல் ஜெர்மானியர் கிமெலின் பெயரிட்ட கோனஸ் செய்லானிக்கஸ் நமது தீவின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் படுக்கைகளை ஆராய வந்தபோது திரட்டிய சங்குகளைப்பற்றித் தனியறிக்கையே வெளியாயிற்று. அமெரிக்க அறிஞர் அலன் கோன் திருகோணமலைப் பகுதியில் கூம்புச் சங்குகளின் வாழ்க்கைமுறையை ஆராய்ந்து 1960இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நமது கடல் அறிஞர் உலகுக்குப் புதிதன்று; நமது பிள்ளைகளுக்குத்தான் அது இன்னும் புதிதாயிருக்கின்றது.

இத்தனை இனங்களுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது எவ்வாறு? நாம் பிழைவிட்ட இடமே நல்ல பாடமாகும்.

முதலாவது, சங்கை எப்படிப் பிடித்துப் பார்க்கின்றோம் என்பது. கூர்ந்த உச்சி மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் இருக்கப் பிடித்தால், ஏறக்குறைய எல்லாக் கூம்புச் சங்குகளுக்கும் வாய் வலப்பக்கத்தில் அமையும். ஆதலின் விஞ்ஞானிகள் இவற்றை வலஞ்சுழி என்பர். நாமோ கோயிற் சங்கை உச்சி கீழாகப் பிடிப்பவர்கள். அவ்வாறு பிடித்தால் அதே வாய் இடப்பக்கத்துக்கு வந்துவிடும்; நம் வழக்கில் அது இடம்புரி. நாம் அரிதாகப் போற்றும் வலம்புரியை விஞ்ஞான நூல்கள் இடஞ்சுழி என்று எழுதுவது இதனாலேயே. இரண்டு வழக்கும் சரியானவை. பிடித்த விதத்தைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை. ஒல்லாந்து நாட்டு ஓவியர் றெம்பிராண்ட் 1650இல் ஒரு கூம்புச் சங்கைச் செப்புத்தகட்டில் கண்டபடியே செதுக்கி அச்சிட்டார். அச்சில் இடம் வலமாக மாறும் என்பதை அறிந்து தம் கையெழுத்தை மட்டும் புரட்டிச் செதுக்கினார். சங்கைப் புரட்ட மறந்தாரோ, வேண்டாமென்று விட்டாரோ, அச்சிலே அச்சங்கு இயற்கைக்கு மாறாகச் சுழித்துக்கொண்டு நிற்கின்றது. பேரோவியனுக்கே இத்தகைய வழுக்கல் உண்டென்றால் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டாமா?

இரண்டாவது, நிறத்தை நம்பி முடிவுசெய்தல் ஆகாது. கடைகளில் மினுங்குகின்ற சங்குகளெல்லாம் சுத்தஞ் செய்யப்பட்டவை. உயிருள்ள கூம்பின்மேல் ஒரு புறத்தோல் உண்டு. சில இனங்களில் அது கண்ணாடிபோல மெல்லியது. சிலவற்றில் சாக்குப்போலத் தடித்தது. அதன்மேற் பாசியும் படிந்துவிட்டால் உள்ளேயிருக்கும் கோலம் பாதியே தெரியும். நாம் அந்தப் பாதியைக் கண்டு மீதியை ஊகித்துக்கொண்டோம். மேலும், ஒரே இனத்தில் ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் இருப்பதுண்டு.

ஆதலின் நிறத்துக்கு முன்னே வடிவத்தைப் பார்க்க வேண்டும். உச்சிச் சுருள் உயர்ந்ததா, தட்டையானதா? தோள் கூரியதா, உருண்டதா? அதில் முகைகள் உண்டா? உடல் நேராகச் சரிகின்றதா, நடுவிலே பருத்திருக்கின்றதா? வாய் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா, கீழே விரிகின்றதா? இவற்றுக்கு விடை எழுதிய பின்னரே கோலத்துக்கு வர வேண்டும்.

அன்று வகுப்பு முழுவதும் சேர்ந்து இந்த முறையிலே ஒரு குறிப்பு எழுதியது. தட்டுக்கு வெளியே ஓர் அளவுகோலை வைத்துக் கண்ணால் மட்டும் அளந்தோம். நீளம் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர். உச்சிச் சுருள் நடுத்தர உயரம். தோள் உருண்டது, முகைகள் இல்லை. உடல் மேற்பாதியில் சற்றே பருத்துப் பின்பு ஒடுங்குகின்றது. வாய் வெண்மை; கீழ்ப்புறம் சற்று அகன்றது. புறத்தோலினூடே தெரிந்த கோலத்தில் வெண்ணிற முக்கோணங்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் கபில நிறக் கோட்டினால் வரையறுக்கப்பட்டிருந்தன. இவற்றுக்கிடையே பொன்மஞ்சட் பட்டைகள். அப்பட்டைகளின்மேல் நெளிந்தோடும் கரிய கோடுகள். இம்முக்கோணங்களைக் கூடாரங்கள் என்பர் மேனாட்டார்; நமது மாணவி ஒருத்தி கோபுரங்கள் என்று எழுதினாள். அதுவே நமக்குப் பொருத்தமாகப்பட்டது. சிலந்திவலைக் கூம்பிலோ கோபுரங்கள் இவ்வாறு எடுத்துத் தோன்றா. நுண்ணிய வலையே உடலெங்கும் பரந்திருக்கும். தோளில் முகைகள் நிற்கும். இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்பவன் ஒருபோதும் மயங்கான். ஒன்றை மாத்திரம் அரைகுறையாகப் பார்ப்பவனே மயங்குவான்.

இனி, இப்பிராணியின் படைக்கலத்தைப்பற்றிச் சொல்ல வேண்டும். நத்தையின் நாக்கிலே அரம்போன்ற பற்கள் இருக்கும் என்பதை மாணவர்கள் படித்திருப்பர். கூம்புச் சங்கில் அப்பல் துளையுள்ள ஊசியாக மாறியிருக்கின்றது. பற்பை ஒன்றிலே பல ஊசிகள் தயாராகக் கிடக்கும். இரை அண்மையில் வந்ததும் ஓர் ஊசி துதிக்கை போன்ற குழலின் நுனிக்கு வந்துசேரும். நீண்டு சுருண்ட நச்சுக் குழாயின் முடிவிலுள்ள தசைக் குமிழ் நஞ்சை அழுத்தித் தள்ளும். ஊசி பாயும். ஓர் ஊசி ஒருமுறைதான் பயன்படும். அடுத்த வேட்டைக்குப் புதிய ஊசி. ஊர்ந்து திரியும் நத்தை ஓடும் இரையைப் பிடிக்க இயற்கை கொடுத்த வழி இது. பெரும்பாலான இனங்கள் கடற்புழுக்களை உண்பன. நெசவுக் கூம்பு பிற நத்தைகளை உண்பது. சில இனங்கள் மீனையே பிடித்து விழுங்குவன. நத்தையாவது மீன் பிடிப்பதாவது என்று ஐயுற்றவர்களுக்கு, 1956இல் மேற்கூறிய அலன் கோன் அவர்களே ஹவாய்த் தீவில் கண்டதைக்கொண்டு ஐயந்தீர்த்தார்.

மனிதர் இதனாற் பட்ட துன்பமும் பழைய செய்தியே. அம்பொய்னாத் தீவில் வாழ்ந்த ரம்பியஸ் என்பாரின் நூல் 1705இல் வெளிவந்தது. பண்டாத் தீவில் வலை இழுக்கும்போது ஒரு கூம்புச் சங்கைக் கையில் எடுத்த அடிமைப் பெண் ஒருத்தி, கரைக்கு நடந்து வருகையிலேயே கையில் தினவெடுத்து, அது உடலெங்கும் ஏறி மாண்டாள் என்று அவர் எழுதி வைத்தார். 1935இல் அவுஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் இளைஞர் ஒருவர் ஒரு கூம்பை உள்ளங்கையில் வைத்துக் கத்தியாற் சுரண்டினார். சில மணி நேரத்தில் இறந்தார். அது வரைபடக் கூம்பு எனத்தகும் கோனஸ் ஜியோகிராபஸ், மீனுண்ணும் இனம். இதுவரை உலகிற் பதிவான கூம்புச் சங்கு மரணங்கள் முப்பதுக்குச் சற்று மேற்பட்டவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இவ்வினமே காரணம் என்பர் ஆய்வாளர். நெசவுக் கூம்பு அத்துணைக் கொடியதன்று என்று ஆறுதல் கொள்ளலாம். ஆயினும் எது எது என்று பிரித்தறியத் தெரியாதவனுக்கு அந்த ஆறுதலால் என்ன பயன்?

இந்நஞ்சின் மறுபக்கமும் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டிற் பிறந்த பல்டொமேரோ ஒலிவேரா, தம் நாட்டுக் கரைகளிலே மலிந்த இச்சங்குகளின் நஞ்சை 1970களின் தொடக்கத்தில் ஆராயத் தொடங்கினார். லூர்து குரூஸ் என்னும் அம்மையாரும் உடனுழைத்தார். பின்னர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வுகூடத்துக்கு, பள்ளிப்படிப்பை அப்பொழுதுதான் முடித்திருந்த பதினெட்டு வயது மாணவர் மைக்கேல் மெக்கின்டோஷ் வந்து சேர்ந்தார். கோனஸ் மேகஸ் என்னும் இனத்தின் நஞ்சிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஒரு பொருள் 25 அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலி. வலியை மூளைக்கு அறிவிக்கும் நரம்புகளில் கல்சியம் புகும் வாயில்களை அது அடைத்துவிடுகின்றது. அப்பொருளே சிகோனொடைட் என்னும் மருந்தாகி, 2004 டிசெம்பரில் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. மோர்பினாலும் தணியாத கடும் வலியுடையோருக்கு முதுகுத்தண்டின் நீரிலே அதனைச் செலுத்துகின்றனர்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் இனத்தின் நஞ்சும் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களின் கலவை; ஓர் இனத்திலுள்ளது மற்றோர் இனத்தில் அப்படியே இராது. சங்கின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தால் அந்த மருந்தை இன்னொருவர் மீண்டும் தேடிக் கண்டடைய முடிந்திராது. சங்குக்குப் பெயர் சொல்வது பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுவோம். உயிருள்ள கூம்புச் சங்கைப் பிடிக்க ஆபத்தில்லாத பக்கம் என்று ஒன்றும் இல்லை. அகன்ற முனையைப் பிடித்தாலும் குழல் வளைந்து வந்து எட்டும். துணியும் சட்டைப்பையும் அந்த ஊசிக்குத் தடையல்ல. வெறுமையாகத் தோன்றும் சங்கினுள்ளும் பிராணி ஒடுங்கிக் கிடக்கலாம். குத்து சிலவேளை நோகாமலே இருக்கும். பின்பு விறைப்பு, பார்வை மங்கல், பேச்சுத் தடுமாற்றம், மூச்சுத் திணறல் என்று ஏறும். குத்தப்பட்ட இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டா. அகன்ற துணிப்பட்டியைக் கை முழுவதும் சுற்றி, மட்டையொன்று வைத்து, அசையாமற் செய்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இந்நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. மூச்சு நின்றாலும் செயற்கைச் சுவாசத்தைச் சில மணி நேரம் விடாது கொடுத்து வந்தால் உடல் தானே நஞ்சை வென்றுவிடக்கூடும். ஆதலின் வழியிலே மூச்சைக் கவனிக்க ஒருவர் உடன் இருத்தல் அவசியம்.

இவற்றை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. போர்க்காலத்தில் நமது கரைகள் பல மூடிக்கிடந்தன. வலிகாமம் வடக்குக் கரையிலிருந்து 1990இல் வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கடலைக் காணாமலே வளர்ந்தார்கள். பாட்டன் கையைப் பிடித்துக் கரையில் நடந்து, எதை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்று கேட்டறியும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. இன்று காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலும் வேலணைச் சாட்டியிலும் விடுமுறை நாளில் குடும்பங்கள் நிறைந்திருப்பதைக் கண்டு மகிழ்கின்றோம். சோகியும் ஊரியும் பொறுக்கும் சிறுகைகளைக் காண்கையில் மகிழ்ச்சியோடு சிறு கவலையும் எழுகின்றது. வலையிற் சிக்கியவற்றை வெறுங்கையாற் கழித்தெடுக்கும் தாய்மாரையும் நினைக்கின்றோம். ஆழமறியாமற் காலை விடாதே என்று பழமொழி சொன்ன நமக்கு, பெயரறியாமற் கையை விடாதே என்பது விளங்காமற் போகாது.

அன்று பாடசாலை விட்டதும் அந்த மாணவன் நீண்ட பிடியுள்ள அகப்பையால் சங்கை ஒரு வாளிக்குள் எடுத்துக்கொண்டான். நாமும் உடன் சென்றோம். வெயில் சாயும் நேரத்தில், அவனுடைய தந்தையார் வலை விரித்த இடத்துக்கு வள்ளத்திற் சென்று அதனைக் கடலில் விட்டு வந்தார். "உதைச் சோட்டுப் பையிலயே கொண்டு போனவன்?" என்று மட்டும் நம்மிடம் கேட்டார். நாம் கூறிய ஆறுதலையும் சேர்த்துச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் மகனின் தலையைத் தடவினார்.

ஆய்வுகூடப் பதிவேட்டில் அந்தச் சங்குக்கு ஒரு பக்கம் இருக்கின்றது. கிடைத்த நாள், இடம், ஆழம், வலையின் வகை, அளவு, வடிவம், கோலம் எல்லாம் அவன் கையெழுத்தில் உள்ளன. இடமும் நாளும் எழுதப்படாத சங்கு அலங்காரப் பொருளேயன்றி ஆராய்ச்சிப் பொருளாகாது என்று முன்பு சொல்லிக்கொடுத்ததை அவன் மறக்கவில்லை. இனத்தின் பெயர் எழுதும் வரியில், முதலில் நாம் சொன்ன பெயரை எழுதலாமா என்று தயங்கி நின்றான். எழுதச் சொன்னோம். அரும்பொருட்சாலைகளில் பழைய பெயர்ச்சீட்டு பிழையானதென்று கண்டாலும் அதைக் கிழித்தெறிவதில்லை. புதியதை அதனோடு சேர்த்தே வைப்பார்கள். ஆகவே அந்த வரியில் கோனஸ் அரனியோசஸ் என்று எழுதி, வாசிக்கத் தெரியும்படி ஒரே கோட்டால் வெட்டி, அதன்கீழ் கோனஸ் டெக்ஸ்டிலே என்று எழுதினான். வெட்டிய பெயருக்கருகே நாம் நமது கையொப்பத்தை இட்டோம்.